கொசுறு யாருக்குச் சொந்தம்?

காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவார். அதற்கு விலை கிடையாது. ஆனால் அது விழாமல் வியாபாரம் முடிந்ததாகவும் ஆகாது. கொசுறு என்பது வாங்குபவரின் உரிமையா, விற்பவரின் தயவா என்பதை யாரும் எழுதி வைத்ததில்லை. இரு தரப்புக்கும் இடையே இருக்கும் ஒரு மங்கலான பகுதி அது. 1998-ஆம் ஆண்டில் இதே கேள்வி விரல் நகமளவு சிலிக்கான் துண்டு ஒன்றின் மீது எழுந்தது. பல்லாயிரம் இளைஞர்கள் தங்கள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குத் தாங்களே விடை எழுதினார்கள். விளையாட்டுக்காகத் தன் கையாலேயே கணினியைக் கட்டிக்கொள்ளும் பழக்கத்தின் வரலாற்றை, அந்த ஒரு கேள்வியின் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் ஒரே நாளில் இரண்டு வகைச் செயலிகளை அறிமுகப்படுத்தியது. ஒன்று, அன்றைய உச்சமான பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். விலை அறுநூறு டாலருக்கு மேல். மற்றொன்று ஏழை உறவினரான செலரான் 300ஏ. பெயர் சொல்வது போலவே அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை சுமார் 150 டாலர். சில நாட்களுக்குள்ளேயே ஒரு செய்தி பரவியது: மலிவான செலரானை வாங்கி ஒரேயொரு அமைப்பை மாற்றினால், அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, விளையாட்டுகளில் விலையுயர்ந்த பென்டியத்துக்குச் சமமாக நிற்கிறது. நான்கில் ஒரு பங்கு விலைக்கு அதே பண்டம். எல்லாச் சில்லும் இப்படி ஓடவில்லை. ஆனால் பெரும்பாலானவை ஓடின.

இது எப்படி சாத்தியமாயிற்று என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணினிச் செயலிக்கு ஒரு தாளம் உண்டு. குவார்ட்ஸ் படிகம் ஒன்று மின்சாரத்தில் அதிர்ந்து அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் செயலி ஓர் அடி எடுத்து வைக்கும். 1981 ஆகஸ்டில் வெளியான ஐபிஎம் பிசியின் தாளம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அந்தக் கணினியில் இருந்த படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸில் அதிர்ந்தது. அதை நான்கால் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வேண்டிய குறிப்பலை கிடைக்கும்; மூன்றால் வகுத்தால் 4.77. ஒரே படிகத்தில் இரண்டு வேலையும் முடியட்டும் என்ற சிக்கனம்தான் காரணம். உள்ளே இருந்த இன்டெல் 8088 செயலியோ 5 மெகாஹெர்ட்ஸுக்குத் தகுதி பெற்றது. ஆக, முதல் பிசியிலேயே ஒரு சிறு மிச்சம் இருந்தது. அதை யாரும் அப்போது பொருட்படுத்தவில்லை.

1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில்தான் மிச்சம் கண்ணில் பட்டது. அதன் செயலி 80286. வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். படிகம் பற்றவைக்கப்படாமல் ஒரு குழியில் செருகப்பட்டிருந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டு, மின்னணுக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் வேறொரு படிகத்தைச் செருகினால் கணினி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐபிஎம் இதை ரசிக்கவில்லை. அடுத்து வந்த பதிப்பின் பயாஸ் நிரலில் ஒரு காவலாளியை நிறுத்தியது. கணினி விழித்தவுடன் தன் வேகத்தைத் தானே அளந்து பார்க்கும். 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் என்று கண்டால் வேலை செய்ய மறுத்துவிடும். தன் பெரிய கணினிகளின் சந்தையைக் காப்பாற்றவே ஐபிஎம் இப்படிச் செய்தது என்று அப்போது பலர் கருதினார்கள். காரணம் எதுவாயினும், விலை கொடுத்து வாங்கிய பொருளில் வாங்கியவரின் கைக்கு எதிராகப் போடப்பட்ட முதல் பூட்டுகளில் அது ஒன்று. மறு ஆண்டே, 1986-ல், ஐபிஎம் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியைத் தானே விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சில்லின் மீது அச்சடிக்கப்பட்ட வேகம் இயற்கை விதி அல்ல. ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான சில்லுகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. சில நன்றாக ஓடும், சில சுமாராக ஓடும். சோதித்துத் தரம் பிரித்து முத்திரை குத்துவார்கள். ஆனால் உற்பத்தி முதிர முதிர, ஏறக்குறைய எல்லாமே நன்றாக ஓடத் தொடங்கிவிடும். சந்தையிலோ மலிவான சரக்குக்குத்தான் கேட்பு அதிகம். அப்போது 450-க்குத் தகுதியான சில்லின் மீதும் 300 என்று குத்தப்படும். முத்திரை அந்தக் கட்டத்தில் சில்லின் திறனைச் சொல்வதில்லை. விற்பவரின் விலைப்பட்டியலைச் சொல்கிறது.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1990-களின் நடுவில் பென்டியம் சில்லுகளின் முத்திரையைச் சுரண்டியெடுத்துவிட்டு, உயர்ந்த வேகத்தை அச்சடித்து விற்கும் மோசடிக் கும்பல்கள் பெருகின. வாங்கியவருக்குத் தன் கணினி ஏன் அடிக்கடி உறைந்துபோகிறது என்று தெரியாது. பழி இன்டெல் மீது விழும். செயலியின் வேகம் என்பது மதர்போர்டின் அடிப்படைத் தாளத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கிடைப்பது. அந்தப் பெருக்கெண்ணை இன்டெல் சில்லுக்குள்ளேயே பூட்டத் தொடங்கியது. பூட்டியவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்தியது.

அதே ஆண்டுகளில்தான் வேகத்தின் மீதான பசியும் கூடியது. 1993 டிசம்பரில் வெளியான டூம், அலுவலகக் கணினியை ஓர் அரங்கமாக மாற்றியது. 1996-ல் வந்த குவேக் உண்மையான முப்பரிமாண உலகம். பென்டியத்தின் தசமக் கணக்கு உறுப்பை அது கசக்கிப் பிழிந்தது. அந்த உறுப்பில் பலவீனமான சைரிக்ஸ் செயலிகள் குவேக்கில் திணறின. அலுவலகக் கணக்குகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்த அச்செயலிகளின் பெயர் ஒரு விளையாட்டினால் கெட்டது. அதே 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை வந்தது. முப்பரிமாணம் வரைவதைத் தவிர வேறொன்றும் அறியாத அட்டை அது. ஏற்கெனவே இருக்கும் காட்சி அட்டையிலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்து இதற்குள் செருக வேண்டும். அழகற்ற ஏற்பாடுதான். ஆனால் குவேக்கின் சொரசொரப்பான சுவர்கள் அதில் வழவழவென்று மாறியதைக் கண்டவர்கள் மறக்கவில்லை. 1997-ல் நடந்த ஒரு குவேக் போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங்குக்கு, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தன் ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தார். நொடிக்குப் பத்துச் சட்டகங்கள் கூடுதலாகக் கிடைப்பது விளையாட்டில் உயிர்பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலான வேறுபாடு என்று நம்பிய ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. அவர்களிடம் பொறுமை இல்லை. பணமும் அதிகம் இல்லை.

அந்தச் சூழலில்தான் செலரான் வந்தது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இடைநினைவகமே இல்லை. பென்டியம் 2-இன் உடலிலிருந்து ஓர் உறுப்பை வெட்டியெடுத்து மலிவாக்கியிருந்தார்கள். விமர்சகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்த அவமானத்தைத் துடைக்க, 300ஏ-யில் 128 கிலோபைட் இடைநினைவகத்தைச் செயலியின் அதே சிலிக்கானிலேயே பதித்தார்கள். பென்டியம் 2-இல் இருந்ததோ 512 கிலோபைட். ஆனால் அது வெளியே தனிச் சில்லுகளாக, செயலியின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானுடையது சிறியது, ஆனால் முழு வேகத்தில் ஓடியது. சிறியதாக இருந்தாலும் அடுக்களைக்குள்ளேயே இருக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும், கொல்லைப்புறத்தில் இருக்கும் பெரிய சாமான் அறைக்கும் உள்ள வித்தியாசம்தான். மலிவாக்கப் போய், தன் உயர்ந்த சரக்குக்கு இணையான ஒன்றை இன்டெல் தெரியாமல் செய்துவிட்டிருந்தது.

பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் பெருக்கப்படும் எண் மதர்போர்டின் கையில் இருந்தது. 66-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 300. 100-ஐப் பெருக்கினால் 450. அன்று புதிதாக வந்திருந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டவை. இன்னொரு வசதியும் தற்செயலாகப் பொருந்தியது. பிற அட்டைகளுக்கான பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 66-ஐ இரண்டால் வகுத்தாலும் 33, 100-ஐ மூன்றால் வகுத்தாலும் 33. ஆகவே செயலி ஒன்றரை மடங்கு ஓடினாலும் கணினியின் மற்ற உறுப்புகள் அந்த மாற்றத்தை உணரவே இல்லை. தைவானின் ஏபிட் நிறுவனம் பிஎச்6 என்ற பலகையில், திருகாணியும் செருகியும் தேவையில்லாமல் திரையிலேயே இதை மாற்ற வழி செய்தது. அந்த வசதி இல்லாத பலகை வைத்திருந்தவர்கள் செயலியின் விளிம்பில் பி21 என்ற ஒரு தொடுமுனையை மறைத்தார்கள். மறைப்பதற்குச் சிறு ஒட்டுநாடா போதும், அல்லது ஒரு துளி நகப்பூச்சு. செயலி தன்னை 66 என்று சொல்லிக்கொள்ளும் வாயை அடைத்துவிட்டால், பலகை அதை 100 என்று எடுத்துக்கொள்ளும்.

உலகின் மிகப் பெரிய சில்லு நிறுவனத்தின் விலைப்பட்டியல் ஒரு துளி நகப்பூச்சில் கரைந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. அங்கே ஒரு புதிய நாட்டார் வழக்கும் பிறந்தது. எந்தத் தொகுதியில் வந்த சில்லு நல்லது, மலேசியாவில் பொதியப்பட்டது உசத்தியா, கோஸ்டா ரிகாவில் பொதியப்பட்டதா என்று மாடு பிடிக்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பது போல இளைஞர்கள் முத்திரை எழுத்துகளைப் படித்தார்கள். உண்மையும் ஊகமும் மூடநம்பிக்கையும் கலந்த ஞானம் அது. சென்னை ரிச்சி தெருவில் 'அசெம்பிள்' செய்து கணினி வாங்கியவர்களுக்கும் இந்தப் பேச்சின் வாசனை தெரிந்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் இருந்த இடங்களிலெல்லாம் இந்தப் பேச்சு வேர் பிடித்தது.

1999-ல் ஏபிட் இன்னொரு படி மேலே போயிற்று. இரண்டு செயலிகளை இணைத்து ஓட்டும் சலுகையைச் செலரானுக்குத் தர இன்டெல்லுக்கு விருப்பமில்லை. அது விலையுயர்ந்த அலுவலகச் சரக்குக்கு உரியது. ஏபிட் பிபி6 என்ற பலகையில் அதற்கான இணைப்பைப் பலகையிலேயே வரைந்துவிட்டது. இரண்டு மலிவுச் செலரான்களைப் பொருத்தலாம். ஆனால் விண்டோஸ் 98-க்கு இரண்டாவது செயலி கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் என்டியோ லினக்ஸோ வேண்டும். விளையாட வந்த பலர் வேறு இயங்குதளங்களின் வாசலை மிதித்தது இப்படித்தான். ஏஎம்டியின் பக்கமும் இதே விளையாட்டு நடந்தது. 2000-ல் வந்த தண்டர்பேர்ட் ஆத்லான், டியூரான் செயலிகளின் முகத்தில் சில நுண்ணிய பொட்டுகளுக்கு இடையே வெட்டப்பட்ட பாலங்கள் தெரிந்தன. பென்சிலால் கோடு கிழித்து அவற்றை இணைத்தால் பூட்டுத் திறந்தது. பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பள்ளிக்கூடப் பென்சில்தான். அடுத்த தலைமுறையில் ஏஎம்டி அந்த இடத்தில் லேசரால் பள்ளம் தோண்டியது. ஆர்வலர்கள் பள்ளத்தைப் பசையால் நிரப்பிவிட்டு அதன் மேல் கோடு கிழித்தார்கள்.

*

இதுவரை சொன்னதை வைத்து, இது வெறும் சில்லறைத் திருட்டு என்று யாரேனும் சொல்லலாம். அப்படி அல்ல என்பதற்கு 2000-ஆம் ஆண்டு சாட்சி.

அந்த ஆண்டு மார்ச் 6 அன்று ஏஎம்டி முதலில் ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டு நாள் கழித்து இன்டெல். முந்தப்பட்ட அவமானத்தில் இன்டெல் ஜூலை இறுதியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. சோதனைக்கு வந்த சில்லைத் தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மானிய விமர்சகர் ஓட்டிப் பார்த்தார். அது நிலையாக ஓடவில்லை. லினக்ஸ் கருநிரலைத் தொகுக்கச் சொன்னால் பாதியில் விழுந்தது. ஹார்ட்ஓசிபி இதழை நடத்திய கைல் பென்னெட்டும் இதே முடிவுக்கு வந்தார். இவர்கள் பெரிய ஆய்வுக்கூடக்காரர்கள் அல்லர். ஆனால் சக்திக்கு மீறி ஓட்டப்படும் ஒரு சில்லு எப்படித் தடுமாறும் என்பதை வருடக்கணக்கில் தங்கள் கைகளால் பார்த்துப் பழகியவர்கள். அந்த அறிகுறிகளை அவர்கள் உடனே அடையாளம் கண்டார்கள். போட்டியின் அவசரத்தில் தொழிற்சாலையே கொசுறைத் தின்று தீர்த்து, அதற்கு மேலும் கைவைத்திருந்தது. ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அந்தச் சில்லுகளைத் திரும்பப் பெற்றது. அதே வேகச் சில்லு மறுபடி கடைக்கு வர 2001 ஆயிற்று.

பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பூட்டிய பெட்டியை மட்டுமே அறிந்த ஒரு பயனரால், கணினி உறையும்போது தன்னைத்தான் சந்தேகித்துக்கொள்ள முடியும்.

அந்த உரிமைக்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் வெப்பம் அதைவிட வேகமாகக் கூடும். 2001-ல் பாப்ஸ்டின் குழு ஒரு காணொளியை வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் மேலிருந்து வெப்பவாங்கியை எடுத்துவிடுகிறார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைக்கிறது. ஆத்லான் சில நொடிகளில் புகைந்து சாகிறது. வெப்பத்தைத் தணிக்க இளைஞர்கள் பழைய கார்களின் வெப்பமூட்டிச் சுருளையும் மீன்தொட்டிப் பம்பையும் குழாய்களையும் இணைத்துத் தண்ணீர் ஓட்டினார்கள். பழுப்பு நிறத் தகரப் பெட்டியின் பக்கவாட்டை அறுத்துக் கண்ணாடி பதித்தார்கள். கசிந்த தண்ணீரில் எத்தனை பலகைகள் செத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அந்தச் சாவுகளுக்கு உத்தரவாத அட்டை கிடையாது, செய்தவரே பொறுப்பு. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

*

பூட்டுப் போட்டு அடக்க முடியாததை விலை போட்டு அடக்கலாம் என்பதை வணிகம் விரைவில் கற்றுக்கொண்டது. மையாமியில் 1996-ல் இரு நண்பர்கள் தொடங்கிய ஏலியன்வேர், விளையாட்டுக் கணினியைக் கட்டித் தருவதையே தொழிலாக்கியது. 2006-ல் டெல் அதை வாங்கிக்கொண்டது. வீட்டில் ரம்பத்தால் அறுத்த கண்ணாடிச் சன்னல் இப்போது ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. மீன்தொட்டிப் பம்பு, மூடி முத்திரையிட்ட தண்ணீர்க் குளிர்விப்பானாக அழகிய பெட்டியில் வந்தது. 2003-ல் ஏஎம்டி தன் ஆத்லான் 64 எஃப்எக்ஸ் செயலியைப் பெருக்கெண் பூட்டில்லாமல் உயர்ந்த விலைக்கு விற்றது. 2006-ல் இன்டெல்லின் கோர் 2 எக்ஸ்ட்ரீம் எக்ஸ்6800-உம் பூட்டில்லாமல் வந்தது. விலை 999 டாலர். பென்சில் செய்த வேலைக்கு இப்போது விலைச்சீட்டு இருந்தது.

2011 ஜனவரியில் கதவு கிட்டத்தட்ட முழுமையாகச் சாத்தப்பட்டது. சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் செயலி, பிசிஐ எக்ஸ்பிரஸ், வட்டு இணைப்பு அனைத்துக்கும் ஒரே தாளம். அடிப்படைத் தாளத்தைச் சற்றே கூட்டினாலும் மற்ற உறுப்புகள் இடறி விழும். செலரான் காலத்தில் தற்செயலாகக் கிடைத்த அந்த வகுத்தல் கணக்கு இனி இல்லை. வேகம் கூட்ட வேண்டுமா, பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்துள்ள செயலியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2010-ல், இன்டெல் இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தது. பென்டியம் ஜி6951 என்ற செயலியை வாங்கியவர், பிறகு 50 டாலர் கொடுத்து ஓர் அட்டையை வாங்கினால், ஏற்கெனவே தன் கணினிக்குள் இருக்கும் இடைநினைவகத்தின் ஒரு பகுதியைத் திறந்துகொள்ளலாம். வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையின் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொள்வது போன்றது இது. எதிர்ப்புக் கிளம்பியது, 2011-லேயே திட்டம் கைவிடப்பட்டது. 2012-ல், வேகம் கூட்டிச் செயலியை எரித்துக்கொள்பவர்களுக்கான காப்புறுதித் திட்டத்தையும் இன்டெல்லே விற்றது. எதை மீறல் என்று சொல்லி வந்ததோ, அதற்கே சந்தா.

2015 டிசம்பரில் ஒரு கடைசிச் சந்து திறந்தது. ஸ்கைலேக் தலைமுறையில் 'கே' இல்லாத செயலிகளின் தாளத்தையும் கூட்டும் வழியைச் சில மதர்போர்டு நிறுவனங்கள் பயாஸில் கண்டுபிடித்தன. இரண்டே மாதங்களில் புதிய நுண்நிரலால் அது அடைபட்டது. ஐபிஎம் முப்பது ஆண்டுகளுக்கு முன் பயாஸில் நிறுத்திய காவலாளி வேறு சீருடையில் திரும்பி வந்திருந்தார்.

ஆனால் உண்மையான முடிவு பூட்டினால் வரவில்லை. 2008 முதல் இன்டெல் செயலிகள் 'டர்போ பூஸ்ட்' என்ற பெயரில், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போதெல்லாம் தம் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்ளத் தொடங்கின. ஏஎம்டியும் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தக் கணக்கு நுணுக்கமாகிக்கொண்டே வந்தது. நாம் நகப்பூச்சால் எடுத்த மிச்சத்தைத் தொழிற்சாலை இப்போது தானே எடுத்துத் தன் விளம்பர எண்ணில் சேர்த்துக்கொள்கிறது. வாங்குபவருக்கும் அது கிடைக்கத்தான் செய்கிறது; எந்த நிரலும் தெரியாத ஒருவருக்கும் எந்த ஆபத்தும் இல்லாமல் கிடைக்கிறது. இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

ஆயினும் மிச்சத்தை முழுக்கத் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022, 2023 ஆண்டுகளில் வந்த இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் விளையாட்டுகளின் நடுவே விழத் தொடங்கின. நினைவகம் போதவில்லை என்று காட்சி அட்டையின் மீது பழி போடும் பிழைச் செய்திகள் வந்தன. பயனர்களும் விளையாட்டு நிறுவனங்களும் மாதக்கணக்கில் துப்புத் துலக்கினர். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சில்லுகளை மெல்ல அரித்துக்கொண்டிருந்தது. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, நுண்நிரலைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. 2000-ஆம் ஆண்டின் கதை அப்படியே மறுபடி நடந்தது போலிருந்தது. ஒரே வேறுபாடு: அன்று அது ஒரு மாதத்தில் அம்பலமாயிற்று, இம்முறை மிக நீண்ட காலம் பிடித்தது.

ஏபிட் 2008-இன் இறுதியோடு கடையை மூடிவிட்டது. கைல் பென்னெட் 2019-ல் இன்டெல்லிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய இதழ் அத்துடன் நின்றது. விளையாட்டுக் கணினிகள் இன்று முன்னெப்போதையும்விட வேகமானவை, வண்ண விளக்குகளால் ஒளிர்பவை, யாரும் அரை நாளில் கட்டிவிடக்கூடியவை. கறிவேப்பிலையும் விலைக்கு வந்துவிட்ட கடை அது. ஒழுங்கான கடைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கொசுறு கேட்டு நின்றவர்கள்தான் தராசையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.